குண்டுக்கு ஒரு கணக்கு: கைத்துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி

டில்லியில் வாழும் என் தமையனார் சென்ற ஆண்டு கோடையில் ஒரு நாள் மாலை என்னை வீட்டிற்கு வரச் சொன்னார். காப்பி அருந்தி முடிந்ததும் ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து என் முன் வைத்தார். அவருடைய மகள் பள்ளியில் படிப்பவள். இரண்டு ஆண்டுகளாகக் காற்றுக் கைத்துப்பாக்கி சுடப் பழகி வருகிறாள். பயிற்சிக் கூடத்திற்குக் கட்டிய மாதச் சம்பளம், ஈயக் குண்டு வாங்கிய செலவு, போக்குவரத்துச் செலவு எல்லாம் தேதிவாரியாக எழுதப்பட்டிருந்தன. சொந்தமாக ஒரு துப்பாக்கி வாங்குவதற்கென்று சேர்த்து வரும் தொகை தனியே ஒரு பக்கத்தில் இருந்தது. “எட்டு மாதமாக இவள் 600-க்கு 540-ஐ விட்டு நகரவில்லை. துப்பாக்கியை வாங்குவதா, இத்தோடு நிறுத்திவிடுவதா, நீ சொல்” என்றார்.

பெண் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். “சித்தப்பா, நான் ஒரு நாள்கூடப் பயிற்சியைத் தவறவிட்டதில்லை. தினமும் 120 குண்டு சுடுகிறேன்” என்றாள். அவள் குரலில் இருந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் இருந்த இடமும் அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

நான் இக்கலையில் பதக்கம் பெற்றவன் அல்லன். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் துப்பாக்கியைத் தொட்டு, பிற்பாடு பல ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் தளத்திற்குச் சென்று குண்டுகளை வீணாகச் செலவிட்டவன். வீண்செலவைப் பற்றியாவது சற்று அதிகாரத்தோடு பேச எனக்கு உரிமை உண்டு என்று நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

துப்பாக்கி சுடுதல் ஒரு காலத்தில் அரச குடும்பத்தினருக்கும் இராணுவத்தினருக்கும் உரிய விளையாட்டாகக் கருதப்பட்டது. 1951-இல் தேசிய ரைபிள் சங்கம் தோன்றிய காலத்தில் நிலைமை அதுதான். டில்லியில் துக்ளக்காபாத் பக்கம் 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைந்த தளம்கூடப் பிகானிர் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த கர்ணி சிங்கின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இன்றோ நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிப் பையோடு அங்கே வந்து நிற்கிறார்கள். 2012-இல் இலண்டனில் இராணுவ வீரர் விஜய் குமார் 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் வெள்ளி வென்றார். 2024-இல் பாரிஸில் அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து மற்றொரு வெண்கலமும் பெற்றார். நம்மவர்களைச் சொல்வதானால், கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்று ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் பெற்றதை அறியாதவர் குறைவு. ஆகவே என் தமையனார் வீட்டுக் கணக்குப் புத்தகம் இன்று பல ஊர்களில், பல தமிழ்க் குடும்பங்களின் மேசைகளில் இருக்கக்கூடிய புத்தகமே.

முதலில் ஆட்டத்தின் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். சுடுபவர் ஒரே கையால் துப்பாக்கியை நீட்டிப் பிடிக்க வேண்டும். மறு கை தாங்கக் கூடாது. இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கிறது. குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். இலக்கின் நடுவே இருக்கும் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்; சட்டைப் பொத்தான் ஒன்றின் அளவு என்று கொள்ளலாம். அதைச் சுற்றி ஒன்பது, எட்டு, ஏழு என்று வளையங்கள் விரிந்து செல்லும். போட்டியில் 60 குண்டுகள். அவற்றுக்கு 75 நிமிடம். அதாவது குண்டு ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. அவசரப்படுவதற்கு விதியில் இடமே இல்லை. அவசரம் நாமாக ஏற்படுத்திக்கொள்வது.

புதிதாகத் துப்பாக்கி ஏந்துகிற எவரும் முதலில் கவலைப்படுவது கை நடுக்கத்தைப் பற்றி. ஏறத்தாழ ஒரு கிலோ சுமையை நீட்டிய கையில் பிடித்தால் அது அசையத்தான் செய்யும். உலக வீரர்களின் கையும் அசைகிறது. ஆனால் அந்த அசைவு அவ்வளவு பெரிய பகைவன் அன்று. இதை விளக்க ஒரு சிறு கணக்குப் போதும்.

துப்பாக்கிக் குழலின் நுனியில் ஒரு சிறு தூண் போன்ற குறி நிற்கிறது; அதை முன்குறி என்போம். பின்பக்கத்தில் நடுவே சதுரப் பள்ளம் வெட்டிய ஒரு தகடு இருக்கிறது, அது பின்குறி. பள்ளத்தின் நடுவில் தூண் நிற்க வேண்டும். இருபுறமும் ஒளிக்கீற்று சமமாகத் தெரிய வேண்டும். தூணின் தலையும் தகட்டின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை முழுவதும் நேராகவே 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் குண்டும் இலக்கில் 5 மில்லிமீட்டரே விலகும். அப்போதும் அது பத்தாம் வளையத்தைத் தொடும். ஆனால் மணிக்கட்டு சற்றே வளைந்து முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டருக்கு அப்பால் அந்தப் பிழை 31 மில்லிமீட்டராகப் பெருகுகிறது. பத்துக்குப் போக வேண்டிய குண்டு ஏழில் போய் விழுகிறது. கை நகர்வது சில்லறைக் கடன். மணிக்கட்டு வளைவது கந்துவட்டிக் கடன்.

இக்கணக்கை உணர்ந்தவர்களுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்பதில் ஐயம் எழாது. மனிதக் கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காணும். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒருங்கே தெளிவாகப் பார்க்க எவராலும் இயலாது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி. இலக்கின் கருவட்டம் மங்கலாக, ஒரு கரும்புகைபோல் தெரிந்தாலே போதும். ஆனால் மனம் இதற்கு உடன்படுவதில்லை. சுடப்போவது இலக்கையல்லவா, அதைப் பார்க்காமல் இருப்பதா என்று அது கண்ணை முன்னே இழுத்துக்கொண்டே போகும். மகாபாரதத்தில் அருச்சுனனுக்குப் பறவையின் கண் மட்டுமே தெரிந்தது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். கைத்துப்பாக்கிக்காரனுக்கு அந்தப் பாடம் சற்றுத் தலைகீழானது: அவன் பார்க்க வேண்டியது பறவையை அன்று, அம்பின் நுனியை.

அடுத்தது விசை. காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. அரை கிலோ என்பது அற்ப அழுத்தமே. ஆனால் குறி சரியாகக் கூடிய கணத்தில் ‘இதோ!’ என்று மனம் கூவுகிறது. விரல் வெடுக்கென்று இழுக்கிறது. விரலோடு கை முழுவதும் இறுகுகிறது. வலக்கைக்காரருக்கு அந்தக் குண்டு பெரும்பாலும் கீழே, இடப்புறத்தில் விழும். விசையை நேராகப் பின்னோக்கி, சிறிது சிறிதாக, நில்லாமல் அழுத்திச் செல்ல வேண்டும். எந்தக் கணத்தில் அது விடுபடும் என்று நாம் தீர்மானிக்கக் கூடாது. விடுபட்ட பிறகும் கையைத் தாழ்த்தாமல், கண்ணை முன்குறியிலிருந்து எடுக்காமல், ஓரிரு வினாடி அப்படியே நிற்க வேண்டும். விசை விடுபட்ட பின்னரும் குண்டு குழலைக் கடந்து வெளியேறச் சிறிது நேரம் வேண்டியிருக்கிறது. அதற்குள் ‘பத்தா, ஒன்பதா?’ என்று தலையை நீட்டிப் பார்த்தால் குண்டும் நம் ஆவலோடு சேர்ந்து திரும்பிவிடும்.

இவையெல்லாம் தெரிந்தவைதானே என்று என் தமையனார் மகள் அன்று கேட்டாள். உண்மைதான், பயிற்சியாளர் அவளுக்கு அனைத்தையும் சொல்லியிருந்தார். ஆனால் 120 குண்டுகளைச் சுடும் ஒருவர் எத்தனை குண்டுகளில் இவற்றைச் செய்தார் என்பது யாருக்கும் தெரியாது; அவருக்கே தெரியாது. 500 குண்டு கொண்ட டப்பி நான்கு நாளில் தீர்ந்துபோகும். பழக்கம் மட்டும் நிலைத்து நிற்கும், அது நல்ல பழக்கமானாலும் தீய பழக்கமானாலும்.

நான் அவளைச் செய்யச் சொன்ன முதல் காரியம் எளியது. இப்போது தளங்களில் காகித இலக்குக்குப் பதிலாக மின்னணு இலக்கு வந்துவிட்டது. குண்டு விழுந்த மறுகணமே சுடுபவரின் அருகிலுள்ள திரையில் புள்ளியும் எண்ணும் தோன்றும். வசதிதான், ஆனால் சோம்பேறித்தனத்திற்கும் வசதி. அந்தத் திரையை ஒரு அட்டையால் மூடச் சொன்னேன். விசை விடுபட்ட கணத்தில் முன்குறி எங்கே நின்றது என்பதை வைத்து, குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று அவள் முதலில் தன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். “மேலே, வலப்புறம், ஒன்பது” என்பது போல். அதன் பிறகே அட்டையை நீக்கிப் பார்த்து, உண்மையில் விழுந்த இடத்தைப் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும். ஒரு பத்தி ‘கண்டது’, மற்றொன்று ‘விழுந்தது’.

முதல் நாள் 30 குண்டு சுட்டாள். அவற்றில் இரண்டு பத்திகளும் ஒத்திருந்தவை ஏழோ எட்டோதான். பத்துகள் பல விழுந்திருந்தன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் அவள் எதிர்பாராத பத்துகள். மாலையில் அழாத குறையாக வந்து நின்றாள். எனக்கோ, எட்டு மாதம் 540-இல் நின்றதற்குக் காரணம் அந்தத் தாளிலேயே அச்சடித்தாற்போல் தெரிந்தது. காரணம் தெரியாமல் விழுந்த பத்து, மறுநாள் காரணம் தெரியாமலே எட்டாகும். எட்டு என்று முன்கூட்டியே கண்டு எட்டாகவே விழுந்த குண்டுதான் ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது.

இப்பத்திகள் மற்றொரு உண்மையையும் காட்டும். கண்டதும் விழுந்ததும் தொடர்ந்து ஒரே திசையில் வேறுபட்டு, குண்டுகள் நெருக்கமாக ஓரிடத்தில் குவிந்திருந்தால் பிழை சுடுபவருடையது அன்று. பின்குறியின் திருகைச் சற்றே திருப்ப வேண்டும். குண்டுகள் நாலாபுறமும் சிதறியிருந்தால் திருகைத் தொடவே கூடாது. ஒரு குண்டு விலகியவுடனே திருகைத் திருப்புகிறவர்களை எல்லாத் தளங்களிலும் காணலாம். ஐந்து குண்டாவது பார்க்காமல் திருகில் கை வைப்பது, நாடி பாராமல் மருந்தை மாற்றுவதற்குச் சமம்.

இரண்டாவது காரியம் சற்றுக் கடினமானது. மனத்துக்குக் கடினமானது என்று சொல்ல வேண்டும். கையை உயர்த்திக் குறி பார்க்கத் தொடங்கி எட்டுப் பத்து வினாடிக்குள் விசை விடுபடாவிட்டால் கையைத் தாழ்த்திவிட வேண்டும். அதற்கு மேல் தசை தளர்கிறது, மூச்சு நெருக்குகிறது, கண்ணில் குறியின் உருவம் பதிந்துபோய் இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் உயர்த்திய கையைச் சுடாமல் இறக்குவது தோல்வி போலத் தோன்றுகிறது. ‘இவ்வளவு நேரம் பிடித்தாயிற்று, போகட்டும்’ என்று சுட்டுவிடுகிறோம். கட்டிடம் கோணலாயிற்று என்று தெரிந்தும், செங்கல் வாங்கியாயிற்று என்பதற்காகக் கட்டிக்கொண்டே போவதைப் போன்றது அது. ஆகையால் குறிப்பேட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தோம்: சுடாமல் கையை இறக்கிய தடவைகள். ஒரு வாரம் அந்தப் பத்தி வெறுமையாகவே கிடந்தது. அதில் கோடுகள் விழத் தொடங்கியபோதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது காரியத்திற்குக் குண்டே தேவையில்லை. தளத்திற்குப் போகவும் வேண்டியதில்லை. குண்டு இடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதைத்தான் சொல்கிறேன். பந்தயக் காற்றுத் துப்பாக்கிகளில் காற்றை வெளியிடாமலே விசையை இயக்க ஓர் அமைப்பு உண்டு. வெள்ளைச் சுவரை நோக்கி நின்று, இலக்கு எதுவும் இல்லாமல், முன்குறியும் பின்குறியும் கூடிய நிலையில் விசை விடுபடும்போது முன்குறி அசைகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். குண்டு விழுந்த இடம் என்ற ஒன்று இல்லாதபடியால் ஆசையும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பிழை தனியாக, துணையின்றி, கண்முன் வந்து நிற்கும். நாளொன்றுக்கு 15 நிமிடம் போதும். கவனம் கலைந்துவிட்டால் நிறுத்திவிடலாம்; கவனமின்றி நூறு தடவை அழுத்துவது, தவறான ஸ்வரத்தை நூறு தடவை பாடிச் சாதகம் செய்வதற்கு ஒப்பாகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, .22 தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளில் வெறுமனே விசையை அழுத்தினால் உள்ளே தட்டும் ஊசி குழலறையின் விளிம்பில் மோதிச் சேதம் விளைவிக்கக்கூடும். அதற்கென உள்ள போலித் தோட்டாவை இட்டே பழக வேண்டும். இரண்டாவது உயிரைப் பற்றியது. பழகும் அறையில் ஒரு குண்டுகூட இருக்கலாகாது. துப்பாக்கியை எடுத்தவுடன் திறந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் கீழே வைத்து மீண்டும் எடுத்தாலும் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். வெறும் துப்பாக்கி என்ற ஒன்று உலகில் இல்லை என்று எண்ணிக்கொள்வதே முறை. வாய் எப்போதும் ஆளில்லாத திசையையே நோக்க வேண்டும். சுடும் எண்ணம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் பயிற்சியை அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது. தீத்துப்பாக்கிகளுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும், எதை வாங்குமுன்னும் தங்கள் மாநிலத்துச் சங்கத்திடம் விதிகளைக் கேட்டறிவது கடமை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

நிற்கும் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. இலக்கை நோக்கிக் கையை உயர்த்தி, கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டுப் பின் திறந்து பாருங்கள். துப்பாக்கி இலக்குக்கு இடப்புறமோ வலப்புறமோ நின்றால் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. பாதங்களை நகர்த்த வேண்டும். உடல் தானாக எங்கே நோக்குகிறதோ அங்கே இலக்கு இருக்கும்படி நிற்பதே சரியான நிலை. இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள் 60 குண்டுகளுக்கும் தங்கள் உடலோடு மல்யுத்தம் செய்கிறார்கள்.

திறமை கையில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா என்று வாதிடுபவர்களுக்கு ஹங்கேரி நாட்டுக் கரோலி தகாக்ஸின் வரலாற்றைச் சொல்லலாம். இராணுவ வீரரான அவர் சிறந்த கைத்துப்பாக்கிக்காரர். 1938-இல் கையெறி குண்டு ஒன்று வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகத் தொடங்கினார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விரைவுச் சுடுதலில் தங்கம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம் பெற்றார். இடக்கை புதியது, ஆனால் குறியைப் பார்ப்பதும், விசையை அழுத்துவதும், தன் பிழையைத் தானே அறிவதும் அவருக்குப் பழையவை. கை போன பிறகும் கையோடு போகாமல் நின்றது எதுவோ, அதைத்தான் பயிற்சியில் சேர்த்துவைக்க வேண்டும்.

போட்டியின் அச்சத்தைக் குண்டுகளின் எண்ணிக்கையால் போக்க முடியாது. அச்சத்தையே சிறு அளவில் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும். தளத்திற்கு வந்தவுடன் சுடும் முதல் குண்டுக்கு மட்டும் தனிக் கணக்கு வைக்கும்படி அவளிடம் சொன்னேன். அதை மாற்ற முடியாது, திரும்பச் சுட முடியாது. மாதக் கடைசியில் முதல் குண்டுகளை மட்டும் கூட்டிப் பார்ப்போம். கருவி பழுதாவதையும் எதிர்பார்க்க வேண்டும். டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில், போட்டிக்கு நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதடைந்து நேரம் கரைந்தது. இறுதிச் சுற்று கைநழுவியது. மூன்றாண்டுக்குப் பின் பாரிஸில் அவர் மேடையேறினார் என்பது பிற்பாடு நடந்த கதை. வாரம் ஒரு முறை திருகுகளைப் பார்ப்பதும், காற்றுக் கலத்தின் அளவைக் கவனிப்பதும் பயிற்சியின் பகுதியே. அதை வேலைக்காரத்தனம் என்று எண்ணும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தமையனாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: துப்பாக்கியை இப்போது வாங்க வேண்டாம்; நிறுத்தவும் வேண்டாம்; ஆறு மாதம் பொறுங்கள். அந்த ஆறு மாதத்தில் குண்டுச் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முதல் இரண்டு மாதம் அவள் கணக்கு 530-க்கு இறங்கியது. வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை. பிறகு மெல்ல ஏறி, பள்ளிகளுக்கிடையிலான ஒரு போட்டியில் 556 எடுத்தாள். தேர்வுக்கு இரண்டு புள்ளி குறைந்தது. வீடு திரும்பியதும் அவளுடைய தந்தை, “இரண்டு புள்ளி எங்கே போயிற்று?” என்று கேட்டார். அவள் குறிப்பேட்டைத் திறந்து 41-ஆம் குண்டைக் காட்டினாள். ‘கண்டது: கீழே, இடப்புறம், எட்டு. விழுந்தது: கீழே, இடப்புறம், எட்டு. கையை இறக்கியிருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். மறுவாரம் துப்பாக்கி விலையை விசாரிக்க என்னையும் உடன் அழைத்துப் போனார்.

குறிப்பேட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதைத் தளத்திலேயே, துப்பாக்கியைத் திறந்து, பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகி, பெட்டியில் வைத்த உடனே எழுதி முடித்துவிட வேண்டும். வீட்டிற்குப் போய் எழுதலாம் என்று பேருந்தில் ஏறினால், இறங்குவதற்குள் எட்டுகளெல்லாம் ஒன்பதாகிவிடும்.